நானே திறந்து வைத்த பின்கதவு

எனக்குக் கோபம் வந்தால் கண்மண் தெரியாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நடந்ததில் கம்ப்யூட்டர் செய்த சேதத்தைவிட என் வாய் செய்த சேதம்தான் அதிகம்.

ஆரணியில் பட்டுச் சேலைக்கு டிசைன் போடுகிறவள் நான். வீட்டு முன்னறையில் ஒரு கம்ப்யூட்டர். அதில் கட்டம் கட்டமாக நிரப்பி மயில், மாங்காய், கோபுரம் என்று வரைவேன். வரைந்த ஃபைலைப் பென்டிரைவில் போட்டுத் தெருக்கோடியில் இருக்கும் அட்டைக்காரரிடம் கொடுப்பேன். அவர் வரிக்கு ஓர் அட்டையாகத் துளை போட்டு, எல்லாவற்றையும் வரிசையாகக் கோத்துத் தருவார். அந்த அட்டைகள் தறிக்கு மேலே ஏறினால்தான் சேலையில் மயில் இறங்கும். பதினோரு வருஷமாக என் டிசைனுக்கு வேறு யாரும் அட்டை அடித்ததில்லை. நான் அவரை அண்ணா என்பேன், அவர் என்னை வாம்மா, போம்மா என்பார்.

எங்கள் தொழிலில் எழுதி வைக்காத கட்டுப்பாடு ஒன்று உண்டு. ஒரு டிசைன் ஒரு முதலாளிக்குத்தான். முதல் சேலையைத் தறியிலிருந்து அறுத்து எடுக்கும்வரை அது வெளியே தெரியக் கூடாது. அட்டைக்காரருக்கு ஊரில் பாதி டிசைன் தெரியும் என்பதால், வாயை மூடிக்கொண்டிருப்பதுதான் அவருக்குச் சோறு போடுகிறது. அந்தப் பெயர் போனால் எவ்வளவு பெரிய அட்டை அடிக்கிற மிஷின் இருந்தும் பிரயோசனமில்லை.

போன வருஷம் ஆவணி முகூர்த்தத்துக்கென்று ஒரு மயில் பார்டர் போட்டேன். சேலை பாதிதான் நெய்திருந்தது, அதற்குள் முதலாளி வாட்ஸப்பில் ஒரு போட்டோ அனுப்பினார். வேறு ஊர்க் கடையில், விசைத்தறியில் ஓட்டிய சேலை. அதில் என் மயில்.

“இது இன்னாம்மா? எனக்குன்னுதானே போட்ட?” என்றார் போனில். அதற்கு முன் ஒரு மாங்காய் டிசைனும் இப்படியே வெளியே போயிருந்தது. தற்செயல் என்று அப்போது விட்டுவிட்டோம். இந்த முறை விட முடியவில்லை.

போனை வைத்துவிட்டு நேராக அண்ணனிடம் போனேன். அட்டைக் கட்டுகளோடு நெசவாளிகள் இரண்டு பேர் அங்கே காத்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் இருப்பதைப் பார்த்தும் நான் நிறுத்தவில்லை.

“என் மயிலு எத்தினி பேருக்குப் போச்சு?” என்று கேட்டேன். அவர் மிஷினை நிறுத்தினார்.

“நான் இல்லம்மா.”

ஒரே ஒரு தடவைதான் சொன்னார். அதன்பிறகு பேசியதெல்லாம் நான்தான். கூட இருந்தே முதுகில் குத்திவிட்டாய் என்றேன். உன் வீட்டுச் சோறு எங்கிருந்து வருகிறது என்று இப்போதுதான் தெரிகிறது என்றேன். அன்று வாயில் வந்த மற்றதை இங்கே எழுத எனக்குக் கூசுகிறது.

கேட்டுக்கொண்டிருந்த இரண்டு பேர் போதாதா? ஒரு மாதத்துக்குள் அவரிடம் பென்டிரைவ் கொண்டுபோகிறவர்கள் குறைந்து, பிறகு நின்றே போனார்கள். அவர் மிஷினுக்கு உறை போட்டு மூடிவிட்டு, செய்யார் கம்பெனி ஒன்றில் செக்யூரிட்டி வேலைக்குப் போக ஆரம்பித்தார். காலையில் நீலச் சட்டையோடு பஸ்ஸுக்கு நிற்பார். நான் அந்தப் பக்கம் பார்க்காமல் நடப்பேன், நியாயம் என் பக்கம் என்ற நினைப்பில்.

அந்த நாட்களில் எனக்கு ஆறுதல் சொன்னது என் தோழி. டிசைன் வகுப்பில் என்னோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவள், சேத்துப்பட்டில் சொந்தமாக டிசைன் சென்டர் வைத்திருப்பவள். “அந்த ஆளு மேல எனக்கு அப்பவே ஒரு டவுட்டுடி. நீதான் அண்ணா அண்ணான்னு உருகிகினு இருந்த,” என்பாள். எனக்காகப் பேச ஒருத்தியாவது இருக்கிறாளே என்று நெகிழ்ந்து போவேன்.

முதலாளி மயிலைக் கொஞ்சம் மாற்றிக் கொடுக்கச் சொன்னார். எங்கே மாற்றலாம் என்று பார்க்க, தறிக்குப் போய்ப் பாதியில் நிறுத்தி வைத்திருந்த சேலையையும் போனில் இருந்த போட்டோவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். சேலையில் மயிலின் கால் முழுதாக இருந்தது. போட்டோவில் இருந்த மயிலுக்கு முழங்காலுக்குக் கீழே இரண்டு வரி இல்லை, கால் ஒடிந்து தொங்கியது.

அப்போதுதான் நினைவுக்கு வந்தது. அட்டை அடிக்கும்போது அண்ணன் ஒருநாள் போன் செய்திருந்தார். “நீ மயிலு கால்ல ரெண்டு வரி வுட்டுட்டம்மா, நானே சேத்து அடிச்சிட்டேன்,” என்றார். சரிண்ணா என்று சொல்லிவிட்டு, சோம்பேறித்தனத்தால் ஃபைலைத் திருத்தாமல் விட்டேன். ஆக, அவருடைய அட்டையிலிருந்து போயிருந்தால் கால் முழுதாகப் போயிருக்கும். நான் கொடுத்த பென்டிரைவையும் அவர் அன்றே திருப்பித் தந்துவிட்டார், அவர் மிஷினில் இருந்தது திருத்திய மயில்தான். ஒடிந்த கால் இருந்தது என் கம்ப்யூட்டரில்தான்.

பக்கத்து வீட்டுப் பெண் செய்யாரில் ஒரு கம்பெனியில் கம்ப்யூட்டர் பிரிவில் வேலை செய்கிறாள். சாயங்காலம் பஸ்ஸை விட்டு இறங்கியவளை டிபன் பையோடு அப்படியே கூட்டி வந்தேன். அவள் முதலில் நெட் ஒயரைப் பிடுங்கினாள். பிறகு கேட்டாள், “அக்கா, இந்த டிசைன் சாஃப்ட்வேர் வெலைக்கு வாங்கினதா?”

எங்கள் ஊரில் அதை விலை கொடுத்து வாங்கியவர்களை விரல் விட்டு எண்ணலாம். பூட்டு உடைத்த காப்பி பென்டிரைவில் கைமாறி வரும். அதைப் போடும்போது ஆன்டிவைரஸ் கத்தும். நாங்கள் அதன் வாயை அடைத்துவிட்டு, இந்த ஃபோல்டர் பக்கமே இனி போகாதே என்று அதற்குச் சொல்லியும் வைப்போம். டிசைன் போடுகிற எல்லாரும் கூச்சமில்லாமல் செய்கிற காரியம். எனக்கு அதைப் போட்டுக் கொடுத்தது என் தோழி. அன்று மீன் குழம்பு வைத்திருந்தேன். சாப்பிட்டுவிட்டு வந்து உட்கார்ந்து, “அது சும்மா கத்தும்டி, கண்டுக்காத,” என்று சொல்லிக்கொண்டே போட்டாள்.

“வைரஸ்னா மெஷினக் கெடுக்கும்னு நெனச்சிகினு இருக்கீங்க. இது கெடுக்காதுக்கா,” என்றாள் பக்கத்து வீட்டுப் பெண். “நல்லா ஓடினாதானே இது வேலை செய்யும். பின்னாடி ஒரு கதவத் தொறந்து வச்சிட்டு சும்மா உக்காந்துகினு இருக்கும்.” டிசைன் சாஃப்ட்வேரோடு சேர்ந்து இன்னொரு சின்ன புரோகிராமும் ஏறியிருந்தது. பார்க்கப் பிரிண்டருக்கு உரியது போல ஒரு பெயர். மிஷினைப் போடும்போதெல்லாம் தானே எழுந்துகொள்ளும். வெளியிலிருந்து ஒருவர் என் திரையைப் பார்க்கலாம், ஃபோல்டரைத் திறக்கலாம், வேண்டியதை எடுத்துக்கொள்ளலாம். மத்தியானத்துக்குள் டேட்டா தீர்ந்து போவதும், ஒருமுறை மவுஸ் அம்பு தானாக நகர்ந்ததும் அப்போது நினைவுக்கு வந்தன. அழுக்கு என்று நினைத்து நான் மவுஸைத் துடைத்து வைத்திருந்தேன்.

அந்தப் புரோகிராம் யாருடைய கணக்கில் பதிந்திருக்கிறது என்று அவள் தேடி எடுத்துக் காட்டினாள். ஒரு மெயில் முகவரி. சேத்துப்பட்டு டிசைன் சென்டருடையது. மூன்று தடவை படித்தேன்.

தோழிக்குப் போன் போட்டேன். அழுவாள், மன்னிப்புக் கேட்பாள் என்று எதிர்பார்த்தேன். “நீ மட்டும் யாரு டிசைனையும் பாத்துப் போடலியா? உன் மெஷின்ல நீயேதான் போடச் சொன்ன,” என்றாள். அந்த அட்டைக்காரரைப் பற்றிக் கேட்டபோது, “அவர நடுத்தெருவுல நிக்க வச்சித் திட்டினது நீதானே, நானா?” என்றாள். என் பெஞ்சில் உட்கார்ந்தவள், என் கையால் சாப்பிட்டவள். அவள் சொன்னதில் பொய் இல்லாததுதான் இன்னும் எரிச்சலாக இருந்தது.

அந்தப் புரோகிராமை மட்டும் அழித்தால் போதும் என்று நான் நினைத்தேன். “ஒரு கதவ மூடினா இன்னொண்ணு எங்க வச்சிருக்காங்கன்னு யாருக்குத் தெரியும்?” என்றாள் பக்கத்து வீட்டுப் பெண். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க இதற்கே போனது. பின்னால் தேவைப்படும் என்று முதலில் எல்லாவற்றையும் போட்டோ எடுத்துக்கொண்டாள். டிசைன் படங்களை மட்டும் தனியே எடுத்து அவள் லேப்டாப்பில் சோதித்தாள். புரோகிராம் ஒன்றைக்கூடத் தொட விடவில்லை. ஹார்ட் டிஸ்க்கைச் சுத்தமாகத் துடைத்து, விண்டோஸை முதலிலிருந்து போட்டாள். என் மெயில், பேங்க், வைஃபை பாஸ்வேர்டுகளை அவள் லேப்டாப்பில் உட்கார்ந்துதான் மாற்றினேன், பழைய மிஷினில் மாற்றினால் அதுவும் போய்ச் சேர்ந்திருக்கும். இழுப்பறையில் கிடந்த பென்டிரைவ்கள் எல்லாம் காலியாயின. ஆன்டிவைரஸுக்கு இனி எந்த ஃபோல்டரும் விலக்கு இல்லை. டிசைன் சாஃப்ட்வேரை இப்போது மாத வாடகைக்கு எடுத்திருக்கிறேன்.

மிஷின் சுத்தமாகிவிட்டது. திங்கட்கிழமை காலை, முன்பு என் கூச்சலைக் கேட்ட அந்த இரண்டு நெசவாளிகளின் வீட்டுக்கும் போய்த் தப்பு என்னுடையது என்று சொன்னேன். அதன்பிறகுதான் அண்ணன் வீட்டுக்குப் போகக் கால் வந்தது. அவர் நீலச் சட்டைக்குப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தார்.

“வாங்க,” என்றார்.

பதினோரு வருஷத்தில் அவர் என்னை ‘வாங்க’ என்றது அதுதான் முதல் தடவை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். மன்னித்துவிடுங்கள் அண்ணா, மிஷினைத் திறங்கள், நானே எல்லாரிடமும் சொல்கிறேன் என்றேன். ஒடிந்த கால் போட்டோவையும் அந்த மெயில் முகவரியையும் காட்டப் போனை நீட்டினேன். அவர் அதை வாங்கிப் பார்க்கவில்லை.

“கம்ப்யூட்டரு சொன்னதும் நம்பறீங்க,” என்றார். குரலில் கோபம்கூட இல்லை. “அன்னிக்கு நான் சொன்னேனேங்க.”

பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று செருப்பைப் போட்டுக்கொண்டு கிளம்பினார்.