வெள்ளிக்கிழமை மட்டும் சூடாகும் எஞ்சின்

டாக்டரைத் தேடி நோயாளி வருவார். படகு எஞ்சின் மெக்கானிக்கிடம் நோயாளி வரமாட்டார். கடலில் ஐந்து மைல் உள்ளே நின்றுகொண்டு, அங்கிருந்தே செல்போனில் திட்டுவார். ரிப்பேர் வேலையில் வயிறு வளர்க்கும் சகோதரர்களே, நீங்கள் மிக்ஸியைப் பிரித்துப் பூட்டுகிறவராக இருந்தாலும் சரி, மோட்டாரைப் பிரித்துப் பூட்டுகிறவராக இருந்தாலும் சரி, "நேத்து வரைக்கும் நல்லாத்தான் இருந்துச்சி" என்ற வாக்கியத்தைக் கேட்டு நொந்திருப்பீர்கள். உங்களை நினைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

ரேடியேட்டர் எங்கே?

எனக்குச் சொந்த ஊர் குமராட்சி பக்கம். டிராக்டர் ரிப்பேர்தான் கற்ற தொழில். சுனாமிக்கு மறு வருஷம் கடலூர் முதுநகரில் புதுப் படகுகள் வரிசையாக இறங்கின. எஞ்சின் பார்க்க ஆள் போதவில்லை. லால்பேட்டைக்காரர் காதர் பாய் அங்கே ஒர்க் ஷாப் வைத்திருந்தார். மூன்று மாசம் பார்ப்பேன், சரிப்பட்டு வராவிட்டால் மறுபடி டிராக்டருக்கே போய்விட வேண்டும் என்று சொல்லிச் சேர்த்துக்கொண்டார். எனக்கோ திரும்பிப் போனால் மானம் போய்விடும். கப்பல் எஞ்சின் வேலை கிடைத்திருக்கிறது என்று ஊர் முழுக்கச் சொல்லிவிட்டு பஸ் ஏறியிருந்தேன்.

முதல் நாள், கலியமூர்த்தி என்பவரின் விசைப்படகுக்கு அனுப்பினார் பாய். எஞ்சினைச் சுற்றிச் சுற்றி வந்தேன். டிராக்டரில் ரேடியேட்டர் முன்னாலேயே நிற்கும். இங்கே ரேடியேட்டரும் இல்லை, ஃபேனும் இல்லை. எவனோ கழற்றிக்கொண்டு போய்விட்டான் என்றே முடிவு செய்து, டிரைவர் அந்தோணியைக் கூப்பிட்டு விசாரித்தேன். அவர் வாயிலிருந்த பீடியை எடுத்தார். கையை நீட்டிக் கடலைக் காட்டினார்.

"தோ கெடக்குது பாரு மச்சான், எம்மாம் பெரிய ரேடியேட்டர். ஒனக்கு இது பத்தலயா?"

மூன்று கோட் பெயிண்ட்

அந்தோணி சொன்னது வேடிக்கை இல்லை. படகின் அடியில் இருக்கும் ஓட்டைகள் வழியாக ஒரு பம்ப் கடல் தண்ணீரை உறிஞ்சும். வழியில் ஒரு சல்லடை டப்பா குப்பையைப் பிடித்துக்கொள்ளும். தண்ணீர் எஞ்சினின் சூட்டை வாங்கிக்கொண்டு, பக்கவாட்டுக் குழாய் வழியே வெளியே கொட்டிவிடும். இவ்வளவுதான் விஷயம். ஆனால் இது என் மண்டையில் ஏறுவதற்கு நான் சிதம்பரம் பக்கம் இருக்கும் கிள்ளை வரை போகவேண்டியிருந்தது.

மீன்பிடித் தடைக்காலம் முடிந்த வாரம் அது. கிள்ளையில் ஒரு படகு கிளம்பிக் கால் மணி நேரத்தில் கொதிக்கிறது என்று போன். டூல் பாக்ஸைத் தூக்கிக்கொண்டு சிதம்பரம் போய், பஸ் மாறிப் போனேன். பெல்ட்டை மாற்றினேன். பம்பைப் பிரித்து உள்ளே சுழலும் ரப்பர் சக்கரத்தை மாற்றினேன். கொதி நின்றபாடில்லை. கடைசியில் படகுக்காரரே தண்ணீரில் முங்கி, அடியில் தடவிப் பார்த்துவிட்டு மேலே வந்தார். தடைக்காலத்தில் படகைக் கரையேற்றி, அடிப்பாகம் முழுக்க மூன்று கோட் பெயிண்ட் அடித்திருக்கிறார்கள். தண்ணீர் போகிற ஓட்டைகளையும் சேர்த்து அடித்துவிட்டார்கள். ஊசி முனை அளவுதான் வழி மிச்சம். எனக்கு அரை நாள் வீணான ஆத்திரம். அவருக்குக் கோபமே வரவில்லை. தலையைத் துவட்டிக்கொண்டே பெருமையாகச் சொன்னார்.

"அடிச்சது எம் மச்சினன் தம்பி. அவன் வேலன்னு எறங்கிட்டான்னா ஒரு பொட்டு எடம் உடமாட்டான்."

கிழமை பார்க்கும் எஞ்சின்

அன்றிலிருந்து, எஞ்சின் சூடு என்றால் தண்ணீர் வரும் வழியைத்தான் முதலில் பார்ப்பேன். நானும் தேறிவிட்டேன் என்று நினைத்த நேரத்தில் கலியமூர்த்தியின் படகு மக்கர் செய்ய ஆரம்பித்தது. ஒரு வெள்ளிக்கிழமை, வலை போடுவதற்கு முன்பே கொதித்துத் திரும்பி வந்தது. மறுநாள் காலையில் போய்ச் சல்லடையைத் திறந்தேன். கழுவி வைத்தது போல் பளிச்சென்று இருந்தது. ஓட்டிப் பார்த்தால் சூடு காட்டும் முள் நடுவிலேயே நிற்கிறது. வாரம் முழுக்க ஒரு தொந்தரவும் இல்லை. அடுத்த வெள்ளிக்கிழமை மறுபடி கொதி. ரப்பர் சக்கரத்தை மாற்றினேன். அதற்கடுத்த வெள்ளிக்கிழமையும் கொதி!

படகில் போகும் ஆட்கள் இது எஞ்சின் கோளாறே இல்லை, திருஷ்டி என்று முடிவு கட்டிவிட்டார்கள். வேறு படகுக்குப் போய்விடலாமா என்றும் பேச்சு. கலியமூர்த்தி ஒர்க் ஷாப்புக்கே வந்து ஒரு பாட்டம் கத்திவிட்டுப் போனார். என் மூன்று மாசம் முடிய ஒரு வாரம்தான் இருந்தது. பாய் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே சொன்னார்.

"ஜாஸ்தி பேசல. வர்ற வெள்ளிக்கெழம நீயும் போட்டுல போற. அன்னிக்கும் சூடாச்சின்னா, எறங்குன கையோட குமராட்சி பஸ்ஸ புடிச்சிடு."

பொங்கல் செய்த உபகாரம்

நான் அதுவரை படகைக் கரையில் வைத்துத்தான் பார்த்திருந்தேன், கடலுக்குள் போனதில்லை. அந்த வெள்ளிக்கிழமை விடிந்ததும் கலியமூர்த்தியின் மனைவி செண்பகம் அக்கா பெரிய கூடையோடு வந்தார். ஒரு மாசமாக வெள்ளிக்கிழமைதோறும் படகுக்குப் பூஜை போடுவது அவர்தான். எஞ்சின் மக்கர் செய்ய ஆரம்பித்ததிலிருந்து பூஜையையும் பெரிதாக்கியிருந்தார். எஞ்சினை ஓடவிட்டு, கற்பூரம் காட்டி, உதிரிப் பூவையும் வேப்பிலையையும் தூவிக் கும்பிட்டார். தூவியதையெல்லாம் காலில் மிதிபடாமல் வாரி, இடது பக்கமாகத் தண்ணீரில் விட்டார். படகு கிளம்பியது.

படகு ஆடிய ஆட்டத்தில் அரை மணி நேரம்கூடத் தாங்கவில்லை. இடது பக்கம் குனிந்து, காலையில் சாப்பிட்ட பொங்கலைக் கடலுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தேன். என் மூக்குக்கு நேர் கீழே தண்ணீர் கொட்டும் குழாய். கொட்ட வேண்டிய தண்ணீர் நூல் மாதிரி சொட்டிக்கொண்டிருந்தது. வாயைத் துடைத்துக்கொண்டு ஓடினேன். எஞ்சினை நிறுத்தச் சொல்லி, கடல் தண்ணீர் உள்ளே வரும் அடி வால்வை மூடி, சல்லடையைத் திறந்தேன். ரோஜா இதழ், சாமந்தி, வேப்பிலை, கெட்டியாக ஒரு பிடி. மற்ற ஆட்கள் முன்பக்கம் வலையோடு இருந்தார்கள். பக்கத்தில் நின்ற அந்தோணியின் முகத்தில் கொஞ்சம்கூட ஆச்சரியம் இல்லை. உலுக்கியதும் ஒப்புக்கொண்டார். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் கரைக்கு வந்து எல்லாரும் போன பிறகு, இந்தப் பூவை இவர்தான் ரகசியமாக எடுத்துக் கழுவி வைத்திருக்கிறார். என் பிழைப்பே போக இருந்ததே, ஏனய்யா சொல்லவில்லை என்று சட்டையைப் பிடிக்காத குறையாகக் கேட்டேன். குரலைத் தாழ்த்தினார்.

"நான் சர்ச்சுக்குப் போறவன் மச்சான். அம்மன் பூவாலதான் எஞ்சின் கெடுதுன்னு என் வாயால எப்புடிச் சொல்லுவேன்?"

யார் சொல்வது?

சல்லடையைச் சுத்தம் செய்ததும் முள் இறங்கிவிட்டது. அன்று படகு நிறைய மீனோடு திரும்பியது. ஆனால் இதைச் செண்பகம் அக்காவிடம் யாராவது சொல்லாவிட்டால், வருகிற வெள்ளிக்கிழமை மறுபடி கொதிக்கும். பாயிடம் சொன்னேன். நான் பள்ளிவாசலுக்குப் போகிறவன், என்னை இதில் இழுக்காதே என்று கையெடுத்துக் கும்பிட்டார். கலியமூர்த்தியிடம் சொன்னேன். புருஷன் அல்லவா, சொல்லிவிடுவார் என்று நம்பினேன். அவர் ஐந்து ஆள் உயர அலையைச் சிரித்துக்கொண்டே தாண்டுகிறவர். பூஜை விஷயத்தில் அவளிடம் வாயைத் திறக்கும் தைரியம் தனக்கில்லை என்று ஒரே வார்த்தையில் ஒதுங்கிவிட்டார்.

கடைசியில் பாதி வாடிய பூவைத் துண்டில் முடிந்துகொண்டு நான்தான் போனேன். மற்ற மூன்று பேரும் எனக்குப் பின்னால் வரிசையாக நின்றார்கள். அம்மனைக் குறை சொல்லவில்லை, பூவைக் குறை சொல்லவில்லை, தண்ணீரை உறிஞ்சும் ஓட்டை இடது பக்கம் இருக்கிறது என்று பத்து நிமிஷம் இழுத்து இழுத்துச் சொன்னேன். அக்கா துண்டைப் பார்த்தார். எங்கள் நான்கு பேரையும் ஒவ்வொருவராகப் பார்த்தார்.

"அடப் பாவிங்களா! பூவ அந்தாண்ட பக்கம் போடுக்கான்னு ஒரு வார்த்த சொன்னா, போட்டுட்டுப் போறேன். இதுக்கா நாலு வெள்ளிக்கெழம பச்சத் தண்ணி பல்லுல படாம வெரதம் கெடந்தேன்?"

பாய் என்னைப் பஸ் ஏற்றவில்லை, அக்காவும் பூஜையை நிறுத்தவில்லை, பூ மட்டும் வலது பக்கம் போனது. அதற்குப் பிறகு ஆறு வருஷம் அங்கேயே குப்பை கொட்டியதில் நான் கற்றது, எஞ்சின் சூடானால் முதலில் சல்லடையைத் திறக்க வேண்டும், சல்லடை சுத்தமாக இருந்தால் டிரைவரின் வாயைத் திறக்க வேண்டும் என்பதுதான்.