பற்றறி கழற்றிய கசெட்: மண்முனைப் பாதையால் ஒரு பயணம்

சண்டை முடிந்து மூன்றாம் மாதம், 2009 ஆகஸ்ட்டில், மட்டக்களப்புக்குப் போய்வந்தேன். காரணத்தைச் சொன்னால் சிலர் சிரிப்பீர்கள். ஒரு பழைய டீவி கேம் கசெட்டை வாங்கிவரத்தான் கொழும்பிலிருந்து முந்நூறு கிலோமீற்றருக்கு மேல் பஸ்ஸில் குலுங்கினேன்.

சிரிக்க முதல் இதைக் கேளுங்கள். சுனாமி அன்று பெரியகல்லாற்றில் எங்கள் வீட்டுக்குள் தண்ணீர் வந்தபோது, என் கூடப்பிறந்த சசி அண்ணா அம்மாவையும் என்னையும் பக்கத்து மாடிவீட்டுப் படியில் ஏற்றிவிட்டுத் தான் கடைசியாக நின்றார். அவர் ஏறவில்லை. வீட்டோடு படங்கள், கொப்பிகள், உடுப்புகள் எல்லாம் போய்விட்டன. மிஞ்சியது, அதற்கு முதல் மாதம் தன் சிநேகிதர் ரவிக்கு அவர் இரவல் கொடுத்திருந்த அந்தக் கசெட் மட்டும்தான். அது வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் இருந்தது. பிறகு அந்தப் பக்கம் சண்டை, இடப்பெயர்வு. ரவி அண்ணா உயிரோடு இருக்கிறாரா என்றுகூடத் தெரியவில்லை. ஜூலையில்தான் அவரிடமிருந்து போன் வந்தது. "தங்கச்சி, சசிட கசெட் என்னட்டத்தான் இரிக்கு" என்றார்.

நான் கொழும்பில் போன் திருத்தும் கடையொன்றில் வேலை செய்கிறேன். அதனால் கசெட்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்லாமல் இருக்க முடியாது. அந்தக் காலத்தில் எங்களூரில் விற்ற கசெட்டுகள் எல்லாமே களவுப் பிரதிகள். மேலே ஒரே படம், ஒரே மஞ்சள் பிளாஸ்ரிக். திறந்தால் உள்ளே ஆளுக்கொரு விதம். சிலதில் சேர்க்கிட் பலகையின் நடுவே தார் உருக்கி விட்டமாதிரி ஒரு கறுப்புப் பொட்டு மட்டும் இருக்கும். சிலதில் பற்றறிக்கு வட்டம் கீறி, செலவை மிச்சம் பிடிக்க அப்படியே வெறுமையாக விட்டிருப்பார்கள். இந்த இரண்டு வகையிலும் மெசினை நிற்பாட்டினால் விளையாடியது எல்லாம் அழிந்துவிடும். மூன்றாவது வகையில் ஒரு ரூபாய் நாணயக் குற்றி அளவில் உண்மையாகவே ஒரு பற்றறி இருக்கும். விட்ட இடத்தையும் நாம் வைத்த பெயர்களையும் அதுதான் காப்பாற்றி வைத்திருக்கும்.

அண்ணாவுடையது மூன்றாவது வகை. நாலு பேர் ஒருவர் பின் ஒருவராகப் போகும் கேம் அது, பெயர்களை நாமே வைக்கலாம். "வாணி, உன்ட பேரையும் போட்டிரிக்கன், வந்து பாரு" என்று ஒருநாள் கூப்பிட்டார். "உங்களுக்கு வேற வேலையில்லையா?" என்று எரிந்து விழுந்தேன். போய்ப் பார்க்கவில்லை. அந்தப் பெயர்களைப் பார்க்கத்தான் இந்தப் பயணம்.

காலை ஆறு மணி பஸ், 380 ரூபாய். வழியெல்லாம் இறக்கி ஏற்றிச் சோதித்தார்கள். மூன்றரைக்கு மட்டக்களப்பு. அம்மா இப்போது இருப்பது நாவற்குடாவில். விசயத்தைச் சொன்னதும் அவர் கேட்டது ஒன்றுதான்: "அதில சசி எழுதினது இரிக்கா?" இருக்கும் என்றேன். சொல்லியிருக்கக் கூடாது.

மறுநாள் காலை 7.10க்குக் கல்முனை பஸ் பிடித்தேன், 20 ரூபாய். அரை மணித்தியாலத்தில் மண்முனையில் இறங்கித் துறைக்கு நடந்தேன். வாகனங்களையும் ஆட்களையும் ஒன்றாக ஏற்றி வாவியைக் கடக்கும் தட்டையான படகைத்தான் இங்கே பாதை என்பார்கள். 25 நிமிடம் காத்திருந்தேன். கடக்கப் பத்து நிமிடம் போதும்.

ஏற முதல் சோதனைச்சாவடி. ஆமிக்காரர் என் பையைக் கொட்டினார். ஈயம் பற்றவைக்கும் கோலும் இரண்டு சின்னப் பற்றறிகளும் விழுந்தன. ஐந்து வருடத்தில் கசெட்டின் பற்றறி களைத்திருக்கும், மாற்றலாம் என்று கொண்டுபோனவை. எதற்கு, யாருக்கு, எங்கே என்று கேள்விக்கு மேல் கேள்வி. எனக்குத் தெரிந்த சிங்களத்தில் விளக்கிக் கால் மணித்தியாலத்துக்குப் பின் விட்டார்கள். "இந்தக் குண்டுமணிப் பற்றறிக்கு இவ்வளவு கூத்தா!" என்று புறுபுறுத்தேன். வரிசையில் நின்ற அக்கா என் கையைப் பிடித்தார். "சத்தம் போடாம வாகா. முந்தி இதக் கொண்டுபோனா, ஆளையே கொண்டு போயிருவாங்க."

துறையிலிருந்து ரவி அண்ணா வீட்டுக்கு ஓட்டோ 150 ரூபாய், நாலு கிலோமீற்றர். வீட்டுக்கு முன்னால், வட்டை என்று இங்கே சொல்லும் அவர்களுடைய வயல் முழுக்க வெட்டி முடிந்திருந்தது. அவரது மனைவி தேத்தண்ணி தந்தார். ரவி அண்ணா சாமிப்படத்துக்குப் பின்னாலிருந்து சீலைத்துண்டில் சுற்றிய கசெட்டை எடுத்து இரண்டு கையாலும் நீட்டினார்.

அங்கேயே ஆணியைக் கழற்றித் திறந்தேன். பற்றறி இருந்த இடத்தில் பிய்ந்த தகடு இரண்டு மட்டும் நின்றது.

"பற்றறி எங்க அண்ணா?"

"அதையா? நான்தான் கழட்டினன். ரெண்டாயிரத்தி ஏழில ஊர விட்டு வெளிக்கிடக்குள்ள."

"ஏன் கழட்டினீங்க? ஆரக் கேட்டுக் கழட்டினீங்க?" கத்திவிட்டேன். அவரது மனைவி குசினிக்குள்ளிருந்து ஓடிவந்தார்.

அவர் மெதுவாகத்தான் சொன்னார். "சாவடியில எல்லாத்தையும் பிரிச்சுப் பாத்தாங்க. கைக்குழந்தையோட நிண்டன். வயரும் பற்றறியுமா ஒரு சாமானக் கண்டா என்ன நினைப்பாங்க? எறியச் சொன்னா இவ. சசிட சாமான எப்பிடி எறியிற? பற்றறியக் கழட்டினா நாங்களும் போயிருவம், கசெட்டும் போயிரும் எண்டு நினைச்சன். நகவெட்டியால கிண்டி வாவிக்க எறிஞ்சன்." என் முகத்தைப் பார்த்துவிட்டு, "என்ன தங்கச்சி? அதுக்குள்ளயா எல்லாம் இருந்தது?" என்றார்.

ஓம் என்றேன். அவர் அப்படியே நிலத்தில் குந்திவிட்டார். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. குழந்தையோடு ஓடும்போதும் என் அண்ணாவின் சாமானை எறியாத மனிசனிடம் கத்தியிருக்கிறேன். காலையில் அதே மாதிரிப் பற்றறிக்காகச் சாவடியில் நின்றவளுக்கு இது விளங்கியிருக்க வேண்டும். மன்னிப்புக் கேட்டேன். அழுதுகொண்டுதான் கேட்டேன்.

கொஞ்ச நேரம் கழித்து அவரே சொன்னார். "பேரெல்லாம் எனக்கு மனப்பாடம். முதல்ல நீங்க. ரெண்டாவது அம்மா. மூண்டாவது நான். அவன் கடைசி. எல்லாரையும் முன்னால விட்டாத்தான் பின்னுக்கு வாறத அவன் பாக்கலாமாம்."

போகிறவர்களுக்குச் சில விசயங்கள். அடையாள அட்டை இல்லாமல் மண்முனைப் பக்கம் போக வேண்டாம். கடைசிப் பாதை எத்தனை மணிக்கு என்று இறங்கும்போதே கேட்டு வையுங்கள். சாவடியில் புறுபுறுக்காதீர்கள், பின்னால் நிற்பவர்களின் கதை உங்களுக்குத் தெரியாது. இப்படியான கசெட் வீட்டில் இருந்தால் பழைய பற்றறியைச் சும்மா கழற்றாதீர்கள். புதியதை அதன் இரண்டு முனையிலும் வயரால் சேர்த்துக்கொண்டு பிறகு கழற்றினால் உள்ளே இருப்பது அழியாது.

பின்னேரம் நாவற்குடாவில் புதுப் பற்றறியை ஒட்டினேன். கொழும்பிலிருந்து கொண்டுவந்த மெசினில் போட்டு, ரவி அண்ணா சொன்ன ஒழுங்கிலேயே நாலு பெயரையும் எழுதினேன். அம்மாவுக்கு ஆங்கில எழுத்துத் தெரியாது. விரலால் தொட்டுத் தொட்டுக் காட்டினேன். இது அண்ணா எழுதியது இல்லை, நான் எழுதியது என்பதையும் சொல்லிவிட்டேன். நிற்பாட்டித் திரும்பப் போட்டேன். நாலும் நின்றன.

அம்மா திரைக்குக் கிட்டப் போய்க் கடைசிப் பெயரில் கையை வைத்தார்.

"இவன் ஏன் கடைசியில நிக்கான்?"

"அண்ணா அப்பிடித்தான் போட்டவராம், அம்மா."

அம்மா கையை எடுக்கவில்லை. "ஓம்," என்றார். "அவன் அப்பிடித்தான் நிண்டவன்."