மணல் லாரியில் பன்னிரண்டு மைல்: தெம்பனிஸிலிருந்து ஊட்ரம் சாலை ஆஸ்பத்திரிக்கு

பழைய சிங்கப்பூர்ச் சாலைகளைத் தேடி நடக்கிறவர்கள் சிலர் இந்த வலைப்பூவைப் படிக்கிறார்கள். தெம்பனிஸிலிருந்து நகரத்துக்குள் வரும் பழைய பாதையைப் பற்றி எழுதச் சொல்லி இரண்டு பேர் கேட்டிருந்தார்கள். அந்தப் பாதையில் நான் முதல்முறை முழுத் தூரமும் போனது 1962இல், அடிபட்ட என் வீட்டுக்காரரை ஆஸ்பத்திரியில் சேர்க்க.

எனக்கு அப்போது இருபத்தொரு வயது. கல்யாணமாகி இரண்டு வருஷம். அவர் பெயர் வீரய்யா. மணல் குவாரியில் லாரிகளுக்கு மணல் ஏற்றும் வேலை. இன்றைக்குத் தெம்பனிஸ் என்றால் உங்களுக்கு அடுக்குமாடிகளும் கடைத்தொகுதிகளும்தான் ஞாபகம் வரும். அன்று செம்மண் பாதை, ரப்பர் மரங்கள், பன்றிப் பண்ணைகள், பச்சைத் தண்ணீர் தேங்கிய மணல் குழிகள். எங்கள் பக்கம் மின்சாரம்கூட வரவில்லை. நகரம் என்றால் எனக்குத் தேக்கா சந்தைதான். அதற்கு அப்பால் போனதில்லை.

காலை எட்டு மணிக்கு ஒரு லாரியின் பின்கதவு கொக்கி விட்டுப்போய் ஆடி வந்து அவருடைய இடது விலாவில் அடித்திருக்கிறது. விழுந்தவர் தானே எழுந்து, கோப்பிக் கடையில் உட்கார்ந்து ஒரு கோப்பி குடித்துவிட்டு, நடந்தே வீட்டுக்கு வந்தார். கூடவே வந்த மேஸ்திரி தைலப் புட்டி ஒன்றை என் கையில் கொடுத்தார். "விலாவுல ஊமை அடிம்மா. தேய்ச்சுவிடு. ரெண்டு நாள்ல எழுந்து வேலைக்கு வந்துருவான்."

மத்தியானம் வரை நானும் அப்படித்தான் நம்பினேன். இரண்டு மணிக்கு அவர் உதடு வெளுத்திருந்தது. நெற்றியில் வேர்வை, தொட்டால் சில்லிட்டது. மூச்சைப் பாதியில் நிறுத்தி நிறுத்தி விட்டார்.

"எங்கங்க வலிக்குது?"

"விலாவ விடு. இந்த இடது தோளுதான் குடையுது, பாக்கியம். படுத்தா இன்னும் ஜாஸ்தியாவுது."

சட்டையை விலக்கிப் பார்த்தேன். விலாவில் உள்ளங்கை அகலத்துக்குக் கன்றிப்போயிருந்தது. தோளில் கீறல்கூட இல்லை. அழுத்திப் பார்த்தேன், அங்கே வலிக்கவில்லை என்றார். அடி படாத இடம் ஏன் வலிக்க வேண்டும்? காரணம் எனக்குத் தெரியாது. ஆனால் தைலத்தை மூடி வைத்துவிட்டுச் சாலைக்கு ஓடினேன்.

குவீன்ஸ்டவுனில் கட்டிக்கொண்டிருந்த அடுக்குமாடி வீடுகளுக்கு மணல் கொண்டுபோகும் காதர் பாய் லாரி வந்துகொண்டிருந்தது. நாகூர்க்காரர், ஐம்பது வயதிருக்கும். கையை நீட்டி வழியை மறித்தேன்.

"பெரியாஸ்பத்திரிக்குப் போவணும் பாய். அவருக்கு முடியல."

"முன்னால உட்கார வைக்கலாமா தங்கச்சி?"

"உட்கார முடியலையே."

பாய் உடனே பின்பக்கம் ஏறினார். மணலைப் பரப்பி, மேலே நாலு கோணிச் சாக்கை விரித்தார். குவாரி ஆட்கள் வீட்டிலிருந்து வீட்டுக்காரரை ஒரு பலகையில் கிடத்தித் தூக்கிவந்து ஏற்றினார்கள். தலைமாட்டில் நான் உட்கார்ந்துகொண்டேன். கிளம்பும்போது மணி இரண்டு இருபது.

செம்மண் பாதையின் முதல் மூன்று மைல்தான் மோசம். ஒவ்வொரு பள்ளத்துக்கும் காதர் பாய் வண்டியைக் கிட்டத்தட்ட நிறுத்தி இறக்கினார். அப்பர் சிராங்கூன் சாலையில் தார் வந்ததும் வேகம் பிடித்தார். சிராங்கூன் சாலையில், ஃபேரர் பார்க் திடலைத் தாண்டும்போது வீட்டுக்காரர் தண்ணீர் கேட்டார். அது காதில் விழுந்த பாய், ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டி வண்டியைத் தட்டிச் சொன்னார்: "குடுக்காத தங்கச்சி. ஆபரேஷன்னா வயிறு காலியா இருக்கணும்." கொண்டுவந்திருந்த தண்ணீரில் முந்தானையை நனைத்து உதட்டை மட்டும் துடைத்துவிட்டேன். தேக்காவில் மாட்டுவண்டியும் காரும் சிக்கி எட்டு நிமிஷம் போயிற்று. பிறகு பார்த்ததெல்லாம் எனக்குப் புதிது. ஆற்றுப் பாலம், கீழே நெருக்கியடித்து நின்ற தொங்கான் படகுகள், நியூ பிரிட்ஜ் சாலைக் கடைகள். ஊட்ரம் சாலை ஆஸ்பத்திரி வாசலில் நின்றபோது மணி மூன்று இருபத்தைந்து. பன்னிரண்டு மைலுக்கு ஒரு மணி ஐந்து நிமிஷம்.

உள்ளே எல்லாம் மளமளவென்று நடந்தது. இளம் சீன டாக்டர் ஒருவர் நெஞ்சில் விரலால் தட்டிக் கேட்டார். மூன்று விலா எலும்பு முறிந்து, நெஞ்சுக்குள் ரத்தம் கட்டியிருக்கிறது என்று அங்கே வேலை செய்த தமிழர் ஒருவர் எனக்குச் சொன்னார். விலாக்களுக்கு நடுவே ரப்பர் குழாய் ஒன்றைச் செலுத்தி, மறுமுனையைத் தண்ணீர் இருந்த கண்ணாடிப் புட்டிக்குள் விட்டார்கள். புட்டி சிவந்தது, குமிழி வந்தது. பத்து நிமிஷத்தில் அவருடைய மூச்சு சீரானது. டாக்டர் முகத்தில் நிம்மதி தெரிந்தது. வார்டுக்குக் கொண்டுபோகச் சொன்னார்.

எனக்கு நிம்மதி வரவில்லை. மூச்சு வந்தும் உடம்பின் சில்லிப்பு மாறவில்லை. தோளை இன்னும் பிடித்துக்கொண்டிருந்தார். டாக்டர் திரும்பி நடந்தார். மிஸ்ஸி, அதாவது நர்ஸ், என்னை வெளியே போகச் சொல்லிக் கையைக் காட்டினார். ஒரு டாக்டரிடம் நான் வாய் திறந்ததே இல்லை. எனக்குத் தெரிந்தது சந்தை மலாய்தான், அதிலேயே சொன்னேன்.

"துவான் டாக்டர். பாஹு சாக்கிட். தாப்பி சினி தா கெனா." டாக்டர் ஐயா, தோள் வலிக்கிறது, ஆனால் இங்கே அடி படவில்லை என்று என் இடது தோளைத் தொட்டுக் காட்டினேன்.

அவர் நின்றார். எந்தப் பக்கம் என்று மலாயில் கேட்டார். கிரி, இடது என்றேன். திரும்பி வந்து வீட்டுக்காரரின் வயிற்றில் கை வைத்தார். இடது பக்கம் மெல்ல அழுத்தியதும் அவர் முனகினார். டாக்டர் யாரையோ கூப்பிட்டுவரச் சொன்னார். நரைத்த தலையோடு பெரிய சர்ஜன் வந்தார். இருவரும் தணிந்த குரலில் பேசினார்கள். அந்தத் தமிழர் என்னிடம் வந்தார்.

"வயித்துக்குள்ள மண்ணீரல் கிழிஞ்சு ரத்தம் கசியுதாம்மா. அது மேல போய் முட்டினா தோளுல வலி காட்டுமாம். உடனே திறக்கணும்கிறாங்க. நீங்க சம்மதிக்கணும். ரேகை வைக்கிறீங்களா?"

"கையெழுத்துப் போடுவேன்" என்றேன். எங்கள் கம்பத்தில், அதாவது கிராமத்தில், கொட்டகை வகுப்பில் கற்றது. பாக்கியம் வீரய்யா என்று தமிழில் எழுதினேன்.

ஐந்து பத்துக்கு உள்ளே கொண்டுபோனார்கள். ரத்தம் வேண்டும் என்றதும் காதர் பாய் சட்டைக் கையை மடித்துக்கொண்டு போனார். மணல் இறக்காமல் லாரி இன்னும் வெளியே நின்றது. "அது எங்கயும் ஓடிப்போவாதுலா" என்றார். ஏழரை மணிக்கு இளம் டாக்டர் வெளியே வந்து, என்னைப் பார்த்துத் தலையசைத்தார். அப்போதுதான் அழுதேன்.

ஆறாம் நாள் சர்ஜன் பத்துப் பன்னிரண்டு மாணவர்களோடு வார்டுக்கு வந்தார். கட்டிலருகே நின்று ஏதோ விளக்கியவர், பேச்சுக்கு நடுவே என்னைக் கை காட்டினார். அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். மிஸ்ஸி அதை மலாயில் எனக்குச் சொன்னார்: "வீட்டு ஆட்கள் பேசினால் நின்று கேளுங்கள் என்கிறார்." நான் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

பத்தொன்பதாம் நாள் இரண்டு பஸ் மாறி வீடு திரும்பினோம், ஆளுக்கு ஐம்பத்தைந்து காசு. லாரியில் ஆஸ்பத்திரிக்குப் போனபோது அவர் ஒன்றையும் பார்த்திருக்கவில்லை. பாலம், படகு, திடல் எல்லாவற்றையும் நான்தான் சொல்லிக்கொண்டு வந்தேன்.

இப்போது போகிறவர்களுக்கு: தெம்பனிஸிலிருந்து ஊட்ரமுக்கு ரயிலில் அரை மணிச் சொச்சம்தான். ஆனால் பழைய பாதை வேண்டுமென்றால் பஸ்ஸில் சிராங்கூன் சாலை வழியாகப் போங்கள். காலை பத்துக்கு முன் கிளம்புங்கள், தேக்காவில் நெரிசல் இன்றும் உண்டு. இன்னொன்று, நெஞ்சிலோ வயிற்றிலோ அடிபட்டவர் எழுந்து நடந்தார் என்று நம்பி வீட்டில் படுக்க வைக்காதீர்கள். தண்ணீர் கொடுக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். கண்ணில் பட்டதை, அற்பமாகத் தோன்றினாலும், தெரிந்த மொழியில் சொல்லுங்கள்.

அதற்குப் பிறகு அவர் நாற்பத்தொரு வருஷம் இருந்தார். எந்த டாக்டர் வயிற்றுத் தழும்பைப் பார்த்து என்ன ஆபரேஷன் என்று கேட்டாலும், மண்ணீரல் என்று அவர் சொன்னதே இல்லை. என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டு, "எம் பொண்டாட்டி சொல்லித் திறந்தது" என்பார்.