திரும்பப் பெற்ற பதில்கள்

கால்வாயோரத்து நாலு தெருக்களிலும் அவளுக்குக் கேள்விக்காரி என்று பெயர். யார் வைத்தார்கள் என்று தெரியாது. அவள் குடை தெருமுனையில் தெரிந்ததும் யாராவது ஒருவர் "வந்தாச்சுடா கேள்விக்காரி" என்பார்கள். முதல் வீட்டு நாய் எழுந்து வாலை ஆட்டிவிட்டு மறுபடி படுத்துக்கொள்ளும். நாற்பத்து மூன்று வயது. புள்ளியியலில் பட்டம் வாங்கியும் வாழ்க்கை அவளை நாற்காலியில் உட்கார விடவில்லை. நாற்சந்தியில் நின்று வண்டிகளை எண்ணியிருக்கிறாள். தொலைபேசியில் முகம் தெரியாதவர்களிடம் சோப்புத்தூளைப் பற்றி விசாரித்துத் திட்டு வாங்கியிருக்கிறாள். கடைசி ஒன்பது வருடமாகப் பல்கலைக்கழகத்தில் கள ஆய்வாளர். பதினொரு மாதத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கிற வேலை என்பதால் ஒவ்வொரு பதினோராவது மாதமும் அவள் வேலை விளம்பரங்களைப் புரட்டத் தொடங்குவாள்.

வீடு வீடாகப் போய்க் கேட்டு, பதிலை டேப்பில், அதாவது கையடக்கத் தொடுதிரைக் கணினியில், ஏற்றுவது அவள் வேலை. திட்டத்தின் பெயரில் நீடித்த வளர்ச்சி என்று பெரிதாகப் போட்டிருக்கும். உள்ளே இருப்பதெல்லாம் சின்னச் சின்னக் கேள்விகள்தான். தண்ணீர் எங்கிருந்து வருகிறது, அடுப்பு எதில் எரிகிறது, கழிவறை எத்தனை வீட்டுக்குப் பொது, போன பன்னிரண்டு மாதத்தில் வசதி இல்லாமல் வீட்டில் யாராவது நாள் முழுக்கச் சாப்பிடாமல் இருந்தீர்களா. அவள் வீட்டுக்காரர், குளிர்பதனப் பெட்டி பழுது பார்ப்பவர், இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். ஊரில் எல்லார் வீட்டு அடுப்பும் இவளுக்கு அத்துப்படி, தன் வீட்டு அடுப்பில் பால் பொங்கி வழிவது மட்டும் தெரியாது என்பார்.

துறையில் அவளுக்கு நல்ல பெயர். மற்ற மூன்று ஆய்வாளர்களின் ஏட்டில் அங்கங்கே "பதில் இல்லை" என்று ஓட்டைகள் இருக்கும். அவளுடைய இருநூற்று ஆறு வீடுகளில் ஓர் ஓட்டை கிடையாது. "எப்படிங்க இது, உங்ககிட்ட மட்டும் எல்லாரும் வாயைத் திறக்குறாங்க?" என்று பேராசிரியர் அம்மா ஒருமுறை எல்லார் முன்னாலும் கேட்டார். அவள் தலையைக் குனிந்து சிரித்துவைத்தாள். அந்தச் சிரிப்புக்குத்தான் இரண்டு வருடம் கழித்து வட்டி கட்டினாள்.

ஆறு பல்கலைக்கழகங்கள் ஒன்று சேர்ந்து ஒப்பந்தம் போட்டன. ஒருவர் திரட்டியதை மற்ற ஐவரும் பயன்படுத்தலாம். எல்லாத் தரவும் ஒரே பொதுக் களஞ்சியத்துக்குப் போகும். அந்த ஆறில் படிக்கிற எந்த மாணவரும் அதை எடுத்துக் கணக்குப் போடலாம். நல்ல காரியம்தான். ஒரே தெருவில் ஆறு பேர் தனித்தனியாக வந்து ஒரே கேள்வியைக் கேட்டு ஜனங்களை இம்சை பண்ண வேண்டாம் என்று அவளே வீட்டில் சொல்லியிருக்கிறாள். ஏற்றுவதற்கு ஐந்து நாள் இருக்கும்போது ஒரு படிவம் வந்தது. "ஒவ்வொரு வீட்டிலும் ஒப்புதல் வாசகத்தை அச்சிட்டபடியே முழுமையாகப் படித்துக் காட்டினேன்." கீழே கையெழுத்து. மற்ற மூவரும் போட்டுவிட்டு டீ குடிக்கப் போனார்கள்.

அந்த வாசகத்தில் ஒரு வரி இருந்தது: "உங்கள் பதில்கள் பிற ஆய்வாளர்களுடன் பகிரப்படலாம்." முதல் நாள் அதைப் படித்ததும் வரிசையாக வீடுகள் மூடிக்கொண்டன. "பகிரப்படலாம்னா? யார்கிட்ட?" என்று கேட்டுவிட்டு ஒருவர் பாதியில் எழுந்து உள்ளே போய்விட்டார். மறுநாள் அவள் அந்த வரியை விழுங்கினாள். அதற்குப் பதிலாகத் தன் வாயிலிருந்து ஒன்றைச் சேர்த்தாள். "பயப்படாதீங்க, நீங்க சொல்றது இந்த டேப்பைத் தாண்டாது." பொய் சொல்கிறோம் என்ற நினைப்பே அப்போது இல்லை. யார் எடுத்துப் பார்க்கப் போகிறார்கள் என்ற அலட்சியம். கதவுகள் திறந்தன. தண்ணீர் வேறு வந்தது, உட்காரச் சொல்லி நாற்காலி வந்தது, பதில்கள் வந்தன.

"படிவத்தை நாளைக்குத் தரேன் மேடம். கண்ணாடி எடுத்துட்டு வரல," என்றாள். கண்ணாடி அவள் கழுத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. பேராசிரியர் அதைப் பார்த்தார்.

அன்று மாலை வீட்டுக்காரரிடம் சொன்னாள். கழுவிய பாத்திரத்தையே மறுபடி கழுவிக்கொண்டு சொன்னாள். அவர் யோசிக்கக்கூட இல்லை. பேரையெல்லாம் எடுத்துவிட்டுத்தானே போடுகிறார்கள், கையெழுத்துப் போட்டுவிட்டு வேலையைப் பார், இது பதினோராவது மாதம் என்றார். பெயர் போய்விடும்தான். ஆனால் தெரு இருக்கும், தொழில் இருக்கும், வயதுகள் இருக்கும். மூன்றாம் தெருக் கடைசி வீடு: ஆறு பேர், இரட்டைக் குழந்தைகள், சக்கர நாற்காலியில் ஒருவர், வருமானம் தையல். அந்தத் தெருவில் அப்படி ஒரே வீடுதான். பெயர் எதற்கு?

அந்தத் தையல்காரி சாப்பாட்டுக் கேள்விக்கு இரண்டு வருடத்துக்கு முன் குரலைத் தாழ்த்திப் பதில் சொன்னாள். கட்டடச் சாரத்திலிருந்து விழுந்த பிறகு கணவர் எழுந்திருக்கவில்லை, வரும்படி பாதியாகிவிட்டது. வாரத்தில் இரண்டு நாள் அவள் சாப்பிடுவதில்லை. துணி கொடுக்கப் போன வீட்டில் சாப்பிட்டுவிட்டேன் என்று சொல்லிவிடுவாள். மாமியாருக்கோ, கணவருக்கோ, பெரிய பெண்ணுக்கோ தெரியாது. "உங்ககிட்டதான் அக்கா முதல்ல சொல்றேன்," என்றாள். கேள்விக்காரி டேப்பில் "ஆம்" என்று தட்டினாள்.

மறுநாள் கையெழுத்துப் போடாத படிவத்தோடு பேராசிரியர் அறைக்குப் போனாள். நின்றபடியே சொன்னாள். பேராசிரியர் எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"எத்தனை வீட்டுல?"

"எல்லாத்துலயும் மேடம். முதல் நாள் தவிர."

"உங்க வீடுகளை எடுத்துட்டா நம்ம பங்குல பாதி போச்சு. அது தெரியுமா?"

தெரியும் என்றாள். திட்டுவார் என்று எதிர்பார்த்தாள். திட்டியிருந்தால் கொஞ்சம் மூச்சு விட்டிருக்கலாம். பேராசிரியர் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, மூன்று வாரம் அவகாசம் கேட்கிறேன், ஒவ்வொரு வீடாகப் போய் உள்ளதைச் சொல்லி மறுபடி கேளுங்கள், வேண்டாம் என்பதை எடுத்துவிடுவோம் என்றார். வேலை புதுப்பிப்பதைப் பற்றி அவரும் பேசவில்லை, இவளும் கேட்கவில்லை.

தும்பை விட்டு வாலைப் பிடிக்கிற வேலை. ஒரு நாளைக்குப் பன்னிரண்டு வீடு. பெரும்பாலானவர்கள் சிரித்தார்கள். இதற்கா இந்த வெயிலில் வந்தீர்கள், போட்டுக்கொள்ளுங்கள் என்றார்கள். ஒரு பெரியவர் மட்டும் வாசலிலேயே நிறுத்தி, "அப்போ எங்க வீட்டுக் கக்கூஸை ஆறு காலேஜ் பாக்கப் போகுது. சொல்லியிருந்தா வெள்ளையடிச்சு வெச்சிருப்பேனே," என்றார். உள்ளேயிருந்து மருமகள் சிரிக்கும் சத்தம் கேட்டது. அவளால் கூடச் சேர்ந்து சிரிக்க முடியவில்லை. நல்ல பதில் வந்த வீட்டிலிருந்து இறங்கும்போதே அடுத்த வீட்டில் சொல்ல வேண்டியதை ஒத்திகை பார்த்துக்கொள்வாள்.

இரண்டாம் தெருவில் தனியாக இருந்த கடிகாரக்காரர் வீடு பூட்டியிருந்தது. முதல் தடவை போனபோது, வீட்டில் எத்தனை பேர் என்றதற்கு இரண்டு பேர் என்றார். மனைவி போய் நாலு வருடம் ஆகியிருந்தது. மனைவியின் வயது கேட்டபோது, இருந்திருந்தால் என்ன வயதோ அதைச் சொன்னார். அவளும் மறுக்காமல் அப்படியே ஏற்றிக்கொண்டாள். இப்போது பக்கத்து வீட்டுக்காரர், "அவரையா கேக்கப் போறீங்க? போய்க் கேட்டுட்டு வாங்க, எனக்கு வழி தெரியாது," என்றார். சொன்ன பிறகு அவருக்கே சங்கடமாகிவிட்டது போல, மழைக்காலத்தில் இறந்துபோனார் என்று மெதுவாகச் சேர்த்தார். கேட்க ஆள் இல்லாததை வைத்துக்கொள்ளக் கூடாது. பூட்டிய வாசலிலேயே நின்று டேப்பில் அந்த வீட்டுப் பதில் வரிசையைத் திறந்து நீக்கத் தட்டினாள். நீக்கவா, உறுதியா என்று அது கேட்டது. கணவன் மனைவி இருவரும் அந்த வரிசையில் மட்டும்தான் ஒன்றாக இருந்தார்கள். தொடுதிரை தானாக அணைந்துவிட்டது. மறுபடி திறந்து, அழுத்தினாள்.

தையல்காரி வீட்டைக் கடைசிவரை தள்ளிப்போட்டாள். போனபோது தையல்காரி மிஷினில் உட்கார்ந்து திரைச்சீலை அடித்துக்கொண்டிருந்தாள். பின்னால் துணி தொங்கவிட்ட அறையில் கணவர் இருமினார். கேள்விக்காரி முக்காலியில் உட்கார்ந்து, எதையும் சுற்றி வளைக்காமல் சொன்னாள்.

"டேப்பைத் தாண்டாதுன்னீங்களே அக்கா."

"சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது. அது என் கையில இல்லாத விஷயம்."

தையல்காரி மிஷினை நிறுத்தி நூலை அறுத்தாள். "என் பொண்ணு அந்த ஆறுல ஒண்ணுலதான் சேர்ந்திருக்கா. இந்த மாதிரிக் கணக்குதான் படிக்கிறாளாம்." பிறகு, "நான் என்னென்ன சொன்னேன்? படிங்க," என்றாள்.

கேள்விக்காரி தலையைத் திருப்பி அந்தத் தொங்கும் துணியைப் பார்த்தாள். தையல்காரிக்குப் புரிந்தது. திரைச்சீலையை மிஷினிலிருந்து உருவி மடியில் போட்டுக்கொண்டாள். பிறகு வெறும் மிஷினை மிதிக்கத் தொடங்கினாள். கடகடவென்று அந்தச் சத்தம் அறையை நிறைத்தது. ஊசி ஒன்றும் இல்லாத இடத்தில் ஏறி இறங்கியது. அதற்கடியில், கேள்விக்காரி அவள் காதருகே குனிந்து ஒவ்வொன்றாகப் படித்தாள். தண்ணீர், அடுப்பு, கழிவறை. சாப்பாட்டுக்கு வந்தபோது மிதிக்கிற கால் ஒரு கணம் தடுமாறியது, நிற்கவில்லை.

"அந்த ஒண்ணை எடுத்துடுங்க. மத்தது போகட்டும்," என்றாள் தையல்காரி, மிதித்துக்கொண்டே. கோபமாகச் சொல்லவில்லை. வாசல் வரை வழியனுப்ப வழக்கம்போல எழுந்தும் வரவில்லை.

மூன்று வாரம் முடிந்தபோது, ஒன்பது வீடுகள் முழுவதையும் திரும்ப வாங்கிக்கொண்டிருந்தன. இருபத்தொன்பது வீடுகள் சாப்பாட்டுக் கேள்வியை மட்டும் எடுக்கச் சொல்லியிருந்தன. இந்த இருபத்தொன்பதைத்தான் அவள் திரும்பத் திரும்ப எண்ணிப் பார்த்தாள். அதில் இரண்டு வீடு தவிர மற்றவை எல்லாம் முதலில் "ஆம்" என்று சொன்னவை. பசித்தவர்கள்தான் திரும்பக் கேட்டார்கள். முழுதாக எடுத்தவை போக மற்ற வீடுகளில் நாற்பத்தேழு "ஆம்" இருந்த இடத்தில் இருபது மிஞ்சியது. கணினியில் ஓட விட்டுப் பார்த்த பேராசிரியர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார்.

"உங்க தெருக்கள் வயிறார சாப்பிடுதுன்னு ஆயிடுச்சு. இதைப் பார்த்துத்தான் நாளைக்கு எந்தத் தெருவுக்கு என்ன வேணும்னு முடிவு பண்ணுவாங்க."

கொடுத்த வாக்கைக் காப்பாற்றப் போய் அவர்கள் பசியையே துடைத்துவிட்டாளா? இரண்டு நாள் அவளுக்கு அதே நினைப்பு. வீட்டுக்காரர், எடுத்தால் ஒரு தப்பு, எடுக்காவிட்டால் ஒரு தப்பு, நீ இனி சோப்புத்தூளுக்கே போய்விடு என்றார். மூன்றாம் நாள் பேராசிரியர் மேசை முன் போய் நின்றாள். "மேடம், கேட்டப்பவே சொல்ல மாட்டேன்னதும், சொல்லிட்டு அப்புறம் வேண்டாம்னதும் ஒண்ணா? அப்புறம் வேண்டாம்னவங்களுக்கு வெறும் கட்டமாவே விடுறோமே."

தெரியாது என்பதற்கு எண்பத்தெட்டு, மறுத்தார் என்பதற்குத் தொண்ணூற்றொன்பது என்று குறிகள் ஏற்கெனவே இருந்தன. பேராசிரியர் புதிதாக எழுபத்தேழு என்று ஒன்று போட்டார்: பதில் சொல்லித் திரும்பப் பெற்றார். கூடவே நாலு தெருவையும் ஒரே பகுதியாகச் சேர்த்தார், தொழிலை எடுத்தார், தனித்தனி வயதுகளை எடுத்தார். இனி எந்த வரிசை எந்த வீடு என்று தெருக்காரர்களே கண்டுபிடிக்க முடியாது. அவள் தனியாக உட்கார்ந்து மூன்று தடவை தேடிப் பார்த்தாள். தையல்காரி வீடு அவளுக்கே அகப்படவில்லை.

ஏற்றுவதற்கு முன் ஆறு பல்கலைக்கழகமும் திரையில் கூடின. அவளையும் ஓரமாக உட்கார வைத்தார்கள். களஞ்சியத்தைப் பராமரிக்கிற ஆள் நிதானமானவர், அட்டவணையில் ஒவ்வொரு பத்தியாக விரலை வைத்துக் கேட்டுக்கொண்டு வந்தார். சாப்பாட்டுப் பத்தியில் நின்றார். எழுபத்தேழு என்றால் என்ன என்றார். பேராசிரியர் விளக்கினார். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"மறுபடி கேட்கப் போனது யார்?"

பேராசிரியர் அவளைக் காட்டினார்.

"அப்போ அவங்க முதல்ல என்ன சொன்னாங்கன்னு உங்களுக்குத் தெரியும். எந்த வீடுன்னு வேண்டாம். இருபத்தொன்பதுல எத்தனை ஆம், எத்தனை இல்லை, அது மட்டும் சொல்லுங்க. கீழே ஒரு குறிப்பாப் போட்டுடலாம். உங்க தெருக்களுக்கும் அதுதான் நல்லது."

நல்லதுதான். இருபத்தேழு என்று ஒரு சொல் சொன்னால் போதும். துடைத்துப் போன பசி திரும்ப வந்துவிடும். பேராசிரியர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார், அந்தப் பார்வையில் சொல்லிவிடு என்று இருந்ததா, சொல்லாதே என்று இருந்ததா தெரியவில்லை.

"சொன்னா ஒவ்வொரு எழுபத்தேழுக்கும் அர்த்தம் தெரிஞ்சு போயிடும் சார்," என்றாள். குரல் அவளுக்கே அந்நியமாக இருந்தது. "வேண்டாம்னு சொன்னாங்க. நான் சொல்றதுக்கில்ல."

திரையில் ஒரு சதுரத்தில் யாரோ தண்ணீர் குடித்தார்கள். தான் செய்தது சரியா, நாலு தெருவுக்கும் வரவேண்டியதைத் தன் வாயாலேயே தடுத்துவிட்டாளா என்று அவளுக்கு அப்போதும் தெரியவில்லை, பிறகும் தெரியவில்லை. நிதானமான அந்த மனிதர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு எழுதினார், எழுதியதை வாய்விட்டுப் படித்தார்: "முந்தைய பதில் பகிரப்படவில்லை. இந்தப் பத்தியிலிருந்து பசியின் அளவைக் கணக்கிட வேண்டாம்."

பிறகு விரலை அடுத்த பத்திக்கு நகர்த்தி, அடுப்பு எரிபொருளில் விறகையும் கரியையும் ஏன் சேர்த்தே போட்டிருக்கிறீர்கள் என்று கேட்டார்.