அரை மில்லிமீட்டர்

மைசூரில் லேத் மெஷின் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் இலவசப் பயிற்சியில் இருபது பேர் இருந்தோம். தமிழ் பேசும் பெண்கள் இரண்டே பேர்: கொள்ளேகாலிலிருந்து வந்துபோகும் நானும், மைசூரிலேயே பிறந்த அவளும். மதியச் சாப்பாட்டைக்கூடப் பங்குபோட்டுத்தான் தின்போம். வீட்டில் எனக்கு மாப்பிள்ளை பார்க்கிறார்கள், வேலை கிடைத்தால்தான் தப்பிப்பேன் என்பதை அவளிடம் மட்டும் சொல்லியிருந்தேன்.

கடைசித் தேர்வுக்கு எண்பது மில்லிமீட்டர் நீளத்தில் ஓர் இரும்புக் கைப்பிடி கடைய வேண்டும். முடித்ததும் அதன் தட்டையான முனை முகத்தில் அவரவர் நம்பரைப் பஞ்ச் அடித்து ட்ரேயில் வைத்துவிட வேண்டும். மறுநாள் கம்பெனிக்காரர் வந்து பார்த்து ஒரே ஒருவரை எடுப்பார். என்னுடையது கண்ணாடி மாதிரி வந்திருந்தது. பெருமைக்காகச் சொல்லவில்லை, அப்படித்தான் இருந்தது.

அன்று இரும்புச் சீவல்களைக் கூட்டுவது என் முறை. "பஸ் போயிடும், நீ ஓடுடி. நான் கூட்டிக்கறேன்" என்றாள். அவளைக் கட்டிப்பிடித்துவிட்டு ஓடினேன், மடச்சி.

மறுநாள் அவளைத்தான் எடுத்தார்கள். மேஜையில் அவள் நம்பரோடு இருந்த கைப்பிடியைத் தொட்டதுமே தெரிந்துவிட்டது. பிடிமானத்துக்காகப் போடும் சொரசொரப்பு தொடங்கும் இடத்தில் என் வேலை எப்போதும் மயிரிழை கோணும். வெர்னியர் வைத்து அளந்தேன். அரை மில்லிமீட்டர் குறைந்திருந்தது. முகத்தை லேத்தில் மெல்லிசாகச் சீவி, என் நம்பரை அழித்து, தன் நம்பரை அடித்திருக்கிறாள். அவளுடைய மட்டமான கைப்பிடியில் என் நம்பர். அப்படிச் சீவ அவளுக்குச் சொல்லிக்கொடுத்ததே நான்தான்.

"உனக்குத்தான் கல்யாணம் ஆகப்போகுதே, வேலை எதுக்கு?" என்றாள், என் முகத்தைப் பார்க்காமல்.

பயிற்சி கொடுத்த சாரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். இருபது பேருடைய கைவேலையும் அவருக்கு அத்துப்படி. ஒருமுறைதான் உருட்டிப் பார்த்தார்.

"காலையிலேயே பார்த்தேம்மா. உன்னோடதுதான்."

"அப்பறம் ஏனுங்க சார் சொல்லாம உட்டீங்க?"

"கம்பெனிக்காரர் முன்னாடி நம்ம சென்டர் பேரு கெட்டுப்போகும். ஸ்வல்ப அட்ஜஸ்ட் பண்ணிக்கோம்மா. உன் கைக்கு எங்க போனாலும் வேலை கிடைக்கும்."

அடுத்த மாதமே வீட்டில் எனக்குப் பூ வைத்துவிட்டார்கள். அவள் செய்ததைக்கூட ஒருநாள் மன்னித்துவிடுவேன். எல்லாம் தெரிந்தும் வாயை மூடிக்கொண்டிருந்துவிட்டு, கடைசியில் என் கையைப் பாராட்டினாரே, அவரை மாட்டேன்.