உபதேசியாரின் கழுகும் எங்கள் பெட்டைக்கோழியும்

சாக்கில் காய்கிற மிளகின் மேல் ஒரு நிழல் ஓடும். உடனே எங்கள் பெட்டைக்கோழி தொண்டைக்குள் "கொர்ர்ர்" என்று ஒரு சத்தம் போடும்... அவ்வளவுதான், வாசலில் ஒரு குஞ்சு இருக்காது.

செல்வி, ஸ்டெல்லா... நீங்கள் இரண்டு பேரும் நம் தோட்டத்தை விட்டு இந்தியாவுக்குக் கப்பல் ஏறிய பிறகு நடந்தது இது. அப்போது எனக்குப் பத்து வயது.

அந்த வருஷம் அப்பா லொறியில் மூட்டை இறக்கத் தம்புள்ளைக்குப் போன இடத்தில் பொலிஸில் பிடித்து வைத்துக்கொண்டார்கள். கையில் அடையாள அட்டை இல்லை. அம்மா அடுப்படியிலேயே முழங்கால் போட்டாள்.

"ஆண்டவரே, அவரை விட்டுருங்க. இந்தக் கோழி பொரிக்கிற குஞ்சுல நல்ல ஜோடியா ஒன்ன அறுப்புப் பண்டிகைக்குக் கோயில்ல காணிக்கையா வைக்கிறேன்."

அப்பா வந்துவிட்டார். வீங்கிய முகத்தோடு, நல்ல பசியோடு.

அப்புறம் பள்ளிக்கூடம் விட்டு வந்தால் குஞ்சு காப்பதுதான் என் வேலை. அந்த ஜோடியைக் கொடுக்க முடியாமல் போனால் அப்பாவைத் திரும்பப் பிடித்துக்கொண்டு போய்விடுவார்கள்... யாரும் அப்படிச் சொல்லவில்லை. நானே நினைத்துக்கொண்டு நானே பயந்தது.

இந்த நேரம் பார்த்து ஓய்வுநாள் பாடசாலையில் உபதேசியார் கழுகைத் தொடங்கினார்.

அவரை உங்களுக்குத் தெரியாது, புதிதாக வந்தவர். இரத்தோட்டையிலிருந்து சைக்கிளில் வருவார். வெள்ளை வேட்டி. வெயிலோ மழையோ ஒரு குடை.

"கழுகு புயலைக் கண்டு ஒளியாது, பிள்ளைகளே. புயலுக்கு மேல ஏறிப் பறக்கும். காக்காக் கூட்டத்தோட சேராது. சோர்ந்து போனாலும் காத்திருந்து புதுப் பெலன் வாங்கும். விசுவாசின்னா அப்படி இருக்கணும்!"

சொல்லிவிட்டு எங்களை வெளியே கூட்டிவந்து வானத்தைக் காட்டினார். "அதோ, பாருங்க!"

பார்த்தேன். ஆளைத் தெரிந்தது. எங்கள் லயத்து வீட்டுக் கூரைகளுக்கு மேலே தினம் சுற்றுகிற அதே ஆள்.

மறுநாள் கையில் கல்லோடு நிற்கிறேன். நிழல் வந்தது. கை ஓங்கினேன்... இறங்கவில்லை. விசுவாசி மாதிரி இருக்கிற ஒன்றை எப்படிக் கல்லால் அடிப்பது? விசுவாசத்துக்காக ஸ்தேவானைக் கல்லெறிந்து கொன்ற பாடம் அந்த மாதம்தான் முடிந்திருந்தது.

ஒரு குஞ்சு போனது. அடுத்த நாள் இன்னொன்று. சனிக்கிழமை இன்னொன்று.

அம்மா கத்தினாள். "கண்ணு என்னாடி பொடனியிலயா இருக்கு? கல்லத் தூக்கிப் போடத் தெரியாது?"

"அது விசுவாசிம்மா..."

அம்மா விளக்குமாறைத் தேடினாள்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து எல்லாரும் கை குலுக்கிக்கொண்டிருக்கும்போது, அம்மா நேராக உபதேசியாரிடம் போனாள்.

"ஐயா, ஒங்க கழுகு எங்க வீட்டுல மூணு குஞ்சத் தின்னுருச்சு."

"அம்மா, வேதத்துல சொல்ற கழுகு வேற. இது வேற ஜாதி..."

"நீங்கதானே புள்ளைங்களுக்கு வானத்தக் காட்டுனீங்க? அவரு திரும்பி வந்ததுக்கு நேந்துக்கிட்டது ஐயா. இனி நீங்களே வந்து காவல் இருங்க."

பாவம், மனுஷன் வந்தார். திங்கட்கிழமை பின்னேரம், வெள்ளை வேட்டியோடு, எங்கள் வாசலில் ஒரு பலகையில் உட்கார்ந்தார். அடுத்த காம்பரா முத்தம்மா அத்தைக்கு ஒரே சந்தோஷம். "சாமியாரக் கோழி மேய்க்க வச்சுட்டாளே!" என்று லயம் முழுக்கச் சொல்லிவிட்டார்.

அப்பா அவருக்கு பிளேன்டீ கொடுத்தார். அவர் ஒரு வாய் குடித்தார். கோழி "கொர்ர்ர்" என்றது.

உபதேசியார் எழும்பிக் குடையை விரித்தார். குடை அவர் முகத்துக்கு நேராகவே விரிந்தது. ஒன்றும் தெரியாமல் இரண்டு எட்டு பின்னால் வைத்து, வாசலோரச் சாக்கடைக் கானுக்குள் விழுந்தார். முத்தம்மா அத்தை கருடனைக் கண்ட பழக்கத்தில் கன்னத்தில் போட்டுக்கொண்டே, "போடா நாசமாப் போறவனே!" என்று அதையே ஏசினார். அம்மா தகரத்தைத் தட்டினாள். லயமே வெளியே வந்து "ஏய்! ஏய்!" என்று கத்தியது. நானும் கத்தினேன். கல்லையும் எறிந்தேன்... அது உபதேசியாரின் குடையில் பட்டது.

ஆனால் கழுகை விரட்டியது நாங்கள் இல்லை. குஞ்சுகளுக்கு முன்னால் எங்கள் பெட்டைக்கோழி இரண்டு மடங்கு பெருத்து நின்றது. கழுகு கால் நீட்டி இறங்க, இது எகிறி மார்பிலேயே உதைத்தது. இரண்டு இறகுகள் காற்றில் பறந்தன. கழுகு வெறுங்காலோடு மேலே போனது. கோழி செட்டையை விரிக்க, குஞ்சுகள் எல்லாம் உள்ளே ஓடின.

கானுக்குள் உட்கார்ந்தபடியே உபதேசியார் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்த ஞாயிறு அவர் கழுகை விட்டுவிட்டார். கோழி தன் குஞ்சுகளைச் சேர்ப்பதுபோல நம்மைச் சேர்க்க ஆசைப்பட்டதாக ஆண்டவரே சொன்னதைப் பற்றிப் பேசினார். "கழுகுக்குப் புயல் வந்தா மேல போக இடம் இருக்கு. நமக்கு எங்க இருக்கு? ஒரு செட்டைக்குள்ள ஒண்ணா இருக்கப் படிப்போம்" என்றார். யாரும் சிரிக்கவில்லை. அப்பா மட்டும் குனிந்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

அறுப்புப் பண்டிகைக்கு ஒரு சேவலையும் ஒரு பெட்டையையும் அப்பாவே இரண்டு கக்கத்திலும் இடுக்கிக்கொண்டு போனார். ஜெபத்துக்கு நடுவில் சேவல் கூவியது. உபதேசியார் கண்ணைத் திறக்காமலே "ஆமென்" என்றார். அன்றைக்கு நான் பயமில்லாமல் தூங்கினேன்.

இப்போது அப்பா இரவில் வீட்டில் படுப்பதில்லை. பிடித்துக்கொண்டு போக ஜீப் வரும் என்று லயத்து ஆம்பளைகள் எல்லாரும் தேயிலைக்குள் போய் ஒளிந்துகொள்வார்கள். விளக்கு வெளியே தெரியக்கூடாது என்று அம்மா சொல்லியிருக்கிறாள். நான் போர்வைக்குள் குப்பி விளக்கை வைத்துக்கொண்டு எழுதுகிறேன்... தெரிந்தால் மறுபடியும் விளக்குமாறுதான்.

அப்போது வந்த கழுகு பகலில் வந்தது. எல்லாருமாக வாசலுக்கு வந்து கத்தினோம். இப்போது ரோட்டில் ஜீப் நின்றால் ஒருவரும் வாய் திறப்பதில்லை. குழந்தையின் வாயையும் பொத்திவிடுகிறார்கள்.

எழுதினால் சத்தம் கேட்காது. அதனால்தான் உங்களுக்கு எழுதுகிறேன், புள்ளைகளா. அங்கே நீங்கள் சத்தமாகச் சிரித்துக்கொள்ளுங்கள்.