வலி பூஜ்யம்

காலை ஆறு மணிக்கு என் போன் மலையாளத்தில் கேட்கிறது, இன்று வேதனை எவ்வளவு என்று. திரையில் வரிசையாக முகங்கள். பூஜ்யத்துக்குச் சிரிக்கிற முகம், பத்துக்கு அழுகிற முகம். திருவனந்தபுரத்துக்கு வந்து இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் ஆகிறது. வலிக்கிறதா என்று தினமும் தவறாமல் என்னைக் கேட்பது இது ஒன்றுதான். நான் பூஜ்யத்தை அழுத்துவேன். பிறகு அது சொல்கிறபடி நாற்காலியில் உட்கார்ந்து, கை ஊன்றாமல் எழுவேன். பத்து முறை எழுந்தால் போன் கைதட்டும். அதற்கு வேறு வேலை இல்லை.

மூட்டுத் தேய்மானம் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். ஃபிசியோதெரபி பார்க்கிற பெண் இந்த ஆப்பைப் போட்டுக் கொடுத்து, விடாமல் செய்தால் தசை பலமாகி வலி குறையும் என்றாள். எனக்குக் குறைந்தே ஆக வேண்டும். ஆரியசாலையில் மொத்த மளிகைக் கடையில் மிளகாய் ஆய்கிற வேலை. ஆய்கிற இடம் மாடியில். படி ஏற முடியாவிட்டால் வேலை இல்லை. வேலை போனால் கடையநல்லூரில் அண்ணன் வீடு. அங்கே எனக்குச் சோறு உண்டு, செய்ய ஒன்றும் இருக்காது. முதலாளியும் எங்கள் பக்கத்துக்காரர்தான். "மேல ஏறிருவீயளா செல்லம்மா?" என்று கேட்டார். "ஏறிருவேன் மொதலாளி" என்றேன். கம்பியைப் பிடித்துப் பிடித்து ஏறிக்கொண்டும் இருந்தேன்.

மூன்றாவது வாரம் ஆப் என்னை ஒற்றைக்காலில் நிற்கச் சொன்னது. ஐந்தாவது வாரம் ஸ்டூலில் ஏறி இறங்கச் சொன்னது. சொன்னதையெல்லாம் செய்தேன். முழங்கால் பணியாரம் மாதிரி உப்பியது. அன்றைக்கும் பூஜ்யம்தான் அழுத்தினேன். நேற்று நொண்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனபோது அந்தப் பெண் என் காலைப் பார்த்தாள், போனைப் பார்த்தாள், மறுபடியும் காலைப் பார்த்தாள்.

"அம்மே, எல்லா திவசவும் பூஜ்யம் ஆணல்லோ?"

"கொழப்பமில்ல மோளே."

"வேதன இல்லான்னு அம்ம பறஞ்ஞு. அதுகொண்டு ஆப்பு எக்சர்சைஸ் கூட்டி."

வலி இல்லை என்று நான் சொன்னதை நம்பித்தான் ஆப் பயிற்சியைக் கூட்டிக்கொண்டே போயிருக்கிறது. எதற்காக அப்படி அழுத்தினேன் என்று அவள் கேட்டாள்.

வந்த புதிதில் பழவங்காடிப் பக்கம் ஒரு டெலிபோன் பூத்துக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் போவேன். பின்னால் நாலு பேர் நிற்பார்கள். நான் இந்த ஊருக்கு வந்ததை விரும்பாத அப்பா, எப்படி இருக்கிறாய் என்று கேட்பார். சுகமாக இருக்கிறேன் என்பேன். என் வீட்டுக்காரர் கட்டட வேலையில் சாரத்திலிருந்து விழுந்து படுத்துக்கிடந்த வாரமும் அதையேதான் சொன்னேன். அவர் இறந்த பிறகு கேட்டவர்களுக்கும் அதுதான் வாயில் வந்தது. துக்கம் இருந்தது, பதில் மட்டும் மாறவில்லை. யார் கேட்டாலும் ஒரே பதில் என்று ஆகிவிட்டது. மெஷின் கேட்டாலும்.

இன்று காலை எட்டை அழுத்தினேன். கைதட்டல் இல்லை. படுத்துக்கொண்டு காலை மட்டும் தூக்கினால் போதும் என்றது. இரண்டு வாரம் படி ஏறக்கூடாது என்று அந்தப் பெண்ணும் சொல்லியிருக்கிறாள். நாளை முதலாளியிடம் சொல்ல வேண்டும். அழுகை வரும் என்று நினைத்தேன், வரவில்லை.

காலைத் தூக்கிக்கொண்டிருக்கும்போதே போன் அடித்தது. ஞாயிற்றுக்கிழமை, அண்ணன்.

"எப்படிட்டி இருக்க?"

"சொகமா இருக்கேண்ணே."

பேசி முடித்துப் போனைக் காதிலிருந்து எடுத்தேன். காலையில் நான் அழுத்திய எட்டுக்கான முகம் திரையில் அப்படியே இருந்தது.